சிமிட்டினால் பென்ஷன்

முன்பெல்லாம் பென்ஷன்காரர் தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்க, நவம்பரில் வங்கிவரை நடந்தே போக வேண்டும். என்ன அநாகரிகம்! 2014-இல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் வந்தது. 2021 முதல் செல்போனில் முகம் காட்டிக் கண் சிமிட்டினாலே போதும். சிமிட்டும் வித்தையை நியூஜெர்சியிலிருந்து மகன் போனில் போதிக்கிறான்.

"இப்ப சிமிட்டுங்கப்பா."

"சிமிட்டிட்டேன்டா."

"அதுக்குள்ளயா? ஸ்பீக்கரைப் போடுங்க!"

ஸ்பீக்கரை அமுக்கினால் லைன் கட். மறுபடி அழைத்து மகன் கத்துகிறான். பாசத்தை டெசிபலில் அளக்கும் பொற்காலம் இது.

கத்தாத உத்தமர்களும் உண்டு. மறுநாளே ஒரு தம்பி தானாக அழைத்தார். "ஐயா, அவசரமில்லை, மெதுவா பண்ணுங்க" என்று ஓடிபி வரை பொறுமையாக வாங்கிக்கொண்டார். கணக்கு காலி.

இப்போது சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் புகார் செய்வது எப்படி என்று மகன் போனில் கற்றுத் தருகிறான். கத்தித்தான்.