உறைந்த இறாலும் கடற்குதிரையின் அளவையியலும்

புதிதாக வாங்கி வந்த கடற்குதிரை, உறைபெட்டியிலிருந்து எடுத்து இளக்கிப் போட்ட இறாலைத் தின்ன மறுப்பது ஏன் என்பதே இவ்வாய்வின் பொருள். இதைப் பசி சம்பந்தப்பட்ட சிக்கலாகவே பலரும் இதுகாறும் கொண்டனர். அக்கொள்கை பொருந்தாது. என்னை எனின், பசித்திருக்கும்போதும் அது மறுக்கிறது. ஆகவே இது அளவையியல் சிக்கல். ஒரு பொருளை உணவு என்று அறிய எது சான்று? தருக்க நூலார் தலைமுறை தலைமுறையாக வாதாடிய இந்த வழக்கு, இப்போது அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைத் தொட்டிகளில் தினம் இருவேளை விசாரணைக்கு வருகிறது.

ஆய்வுக்களம் ஏன் அமெரிக்கா என்று கேட்கலாம். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்குதிரைகள் உண்டு. ஆனால் 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் ஒரே வரிசையில் இருக்கின்றன. இங்கே ஒன்றைப் பிடித்துத் தொட்டியில் விட்டு ஆராய்ந்தால் முனைவர் பட்டத்துக்கு முன் பிடிவாரண்டு வந்து சேரும். எனவே அட்லாண்டிக் கரையின் வரிக் கடற்குதிரையை, அதை வளர்ப்போர் அனுபவத்தின் வழியாகவே ஆராய்ந்துள்ளேன். பிறர் உழைப்பில் ஆய்வேடு எழுதுவது நம் பல்கலைக்கழகங்கள் அறியாத முறையன்று.

முதலில் எதிர்வாதியின் உடலமைப்பு. பல் கிடையாது, இரைப்பை கிடையாது. தின்றது நிற்காமல் குடல் வழியே போய்விடுவதால் அடிக்கடி தின்றாக வேண்டும். இப்படிப்பட்ட பிராணி உண்ணாவிரதம் இருப்பது அரசியல்வாதி இருப்பதைவிட ஆபத்தானது. கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். ஒன்று இறாலைப் பரிசீலிக்க, மற்றொன்று இறாலைப் போட்டவரைப் பரிசீலிக்கும். வாலால் ஒரு தண்டைச் சுற்றிக்கொண்டு அசையாமல் இருந்து, இரை அருகில் வந்ததும் தலையை வெடுக்கென உயர்த்தி, குழாய் போன்ற மூக்கால் உறிஞ்சிவிடும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பிராட் கெம்மல் குழுவினர் 2013இல் குட்டை இனக் கடற்குதிரையைப் பற்றி வெளியிட்ட ஆய்வின்படி, அதன் தலையின் வடிவமே மூக்கு முனையில் நீர் கலங்காமல் பார்த்துக்கொள்கிறது. அசைவற்ற நீரில் பத்துக்கு ஒன்பது தாக்குதல் தப்பாது. இரையான கோப்பிபாட் என்னும் சிற்றுயிர் ஆபத்தை உணர்ந்து துள்ள 2, 3 மில்லி நொடி எடுத்துக்கொள்ளும். கடற்குதிரைக்கு ஒரு மில்லி நொடிகூட வேண்டாம்.

இத்தனை கலைகளும் ஓடுகிற ஒன்றைப் பிடிப்பதற்காக ஏற்பட்டவை. ஓடாமல், துள்ளாமல், ஏற்கெனவே செத்து, சதுரக் கட்டியாக உறைந்து வந்த ஒன்றிடம் எப்படிப் பதுங்கிப் போவது? தன் மொத்தக் கல்வியையும் அவமதிக்கும் அந்தத் தட்டிலிருந்து அது முகத்தைத் திருப்பிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

இனி இறாலின் பூர்வோத்தரம். கடற்குதிரை வளர்ப்போர் பெரிதும் நம்புவது மைசிஸ் என்னும் சிற்றிறால். அது வரும் இடங்களில் ஒன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ஒகனாகன் ஏரி. அந்த ஏரிக்கு அது சொந்தமில்லை; கோகனி சால்மன் தின்று கொழுக்கட்டும் என்று 1966இல் கொண்டுவந்து விட்டார்கள். சால்மன் பகலில் மேல்மட்டத்தில் மேயும். மைசிஸோ பகலெல்லாம் ஆழத்தில் கிடந்து இரவில்தான் மேலே வரும். இருவரும் சந்திக்கவே இல்லை. போதாக்குறைக்கு, சால்மன் தின்ன வேண்டிய மிதவைச் சிற்றுயிர்களையும் மைசிஸ் தின்றது. சால்மன் குறைந்தது, இறாலை வலைபோட்டு அள்ளி உறையவைத்து விற்கும் தொழில் பிறந்தது. மீனுக்கு உணவாக வந்து, மீனால் உண்ணப்படாமல், மீனின் உணவைத் தின்று, கடைசியில் வேறொரு மீனால் நிராகரிக்கப்படுவதற்காக உறைந்து பயணம் போகும் இவ்வுயிரின் வினைப்பயன் தனி ஆய்வுக்கு உரியது. (கடற்குதிரையும் மீனே. குதிரை என்போர் முகத்தை மட்டும் பார்த்தவர்கள்.)

காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்திகள் கொள்வர். கடற்குதிரை இவற்றுள் காட்சியைத் தலைமையாகக் கொள்கிறது. அதிலும் அசைவது மட்டுமே காட்சி. ஆகவே வளர்ப்பவர் செத்த இறாலுக்கு உயிர் இருப்பதாகத் தோற்றம் தரவேண்டியவராகிறார். அமெரிக்கச் சமையலறையில் வான்கோழி வாட்டும்போது அதன் நெய்யையே உறிஞ்சி மேலே ஊற்றுவதற்கு, ரப்பர் குமிழ் வைத்த நீண்ட குழாய் ஒன்று உண்டு. அதில் நாலைந்து இறாலை ஏற்றி, மூக்குக்கு நேரே ஒவ்வொன்றாக மிதக்கவிடுவர். நீரோட்ட மோட்டாரை நிறுத்திவிட வேண்டும் என்பார் ஒரு சாரார். லேசாக ஓடவிட்டால் இறால் தானே ஆடும் என்பார் மறுசாரார். இறால் விலகி ஓடாவிட்டால் இரண்டும் சரியே.

கருதல் அளவையை நம்புவோர் இறாலைப் பூண்டுச் சாற்றில் ஊறவைக்கின்றனர். எங்கெங்குப் பூண்டு மணமோ அங்கங்குச் சாப்பாடு உண்டு, அடுக்களை போல. இங்கும் பூண்டு மணம் உண்டு. ஆதலின் இதுவும் சாப்பாடு. வாதம் பழுதற்றது. அடுக்களையைப் பார்த்திராத பிராணியிடம் எடுத்துக்காட்டு செல்லுபடியாகுமா என்பதுதான் எனக்குள்ள ஐயம்.

உரை அளவைக்கு வலு அதிகம். ஏற்கெனவே உறைந்த இறால் தின்னப் பழகிய ஒரு கடற்குதிரையைப் பக்கத்தில் வைத்தால், புதியது அதைப் பார்த்துப் பார்த்துத் தானும் கொத்தத் தொடங்குவதுண்டு. ஆன்றோர் வாக்கைச் சொல்லிக் கேட்பதைவிட ஆன்றோர் மெல்லுவதைப் பார்ப்பது பயன் தரும் போலும். ஆன்றோருக்கும் பல் இல்லை என்பது வேறு.

பண்ணையில் பிறந்தவை பெரும்பாலும் விற்பனைக்கு முன்பே உறைந்த தீனிக்குப் பழகியவை. அவையும் இடம் மாறியதும், மறுவீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைப் போல ஓரிரு நாள் தட்டைத் தொடாமல் இருக்கலாம். கடலில் பிடித்தவற்றின் கதை நீளம். முதலில் உயிருள்ள இறால், பிறகு அதனுள் உறைந்ததைக் கலந்து, விகிதத்தை நாளுக்கு நாள் மாற்றி ஏமாற்ற வேண்டும். பால்காரருக்கு இம்முறை புதிதாய் இராது.

ஏற்றுக்கொண்டதன் அடையாளம் ‘டிக்’ என்று ஒரு சத்தம். தலை வெடுக்கென உயரும்போது எழுவது. கண்ணாடியில் காதை வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டதும் வெற்றி என்று எழுந்து விடுகிறார்கள். அது அவசரம். உறிஞ்சிய இறாலை மூக்குவழியே திரும்பத் துப்பிவிடும் வழக்கமும் அதற்கு உண்டு. துப்பியது உண்டதாகுமா, மறுத்ததாகுமா, மேல்முறையீட்டுக்கு அனுப்பியதாகுமா என்பதில் வளர்ப்போர் ஒருமனப்படவில்லை. தண்ணீர் கெடுவதற்குள் அதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் ஒற்றுமை. பெரும்பாலும் அதற்கும் அவசியம் இருப்பதில்லை; மணலுக்குள் புதைந்திருக்கும் நசாரியஸ் நத்தைகள் எந்த அளவையும் கேட்காமல் மேலே வந்து, அதைத் தின்று முடித்துவிடுகின்றன.