வெண்கல வாள்: கேள்வியும் பதிலும்

கேள்வி: இரும்பு வாளைச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்துக் கெட்டியாக்குகிறார்களே, நான் வார்க்கப்போகும் வெண்கல வாளைத் தோய்ப்பதற்குத் தண்ணீர் உத்தமமா, எண்ணெய் உத்தமமா? (மதுரை வாசகர்)

பதில்: எதில் தோய்த்தாலும் வாள் நனையுமே தவிரக் கெட்டியாகாது. எஃகில் கலந்திருக்கும் கரியானது செஞ்சூட்டில் இரும்பினுள் கரைந்து பரவி, திடீரென்று குளிரும்போது வெளியேற அவகாசமின்றி உள்ளேயே சிறைப்பட்டு, அந்த நெருக்கடியினால் எஃகுக்கு விறைப்பைக் கொடுக்கிறது. செம்பும் வெள்ளீயமும் மட்டுமே சேர்ந்த வெண்கலத்தில் அத்தகைய கரி கிடையாதாகையால், வாளுக்குரிய கலவையைக் காய்ச்சித் தோய்ப்பது அதனை இளக்குமேயன்றி இறுக்காது. வெண்கலத்திற்குக் காடின்யம் வருகிற மார்க்கங்கள் இரண்டு: கலக்கும் வெள்ளீயத்தின் அளவு ஒன்று, குளிர்ந்த நிலையில் விளிம்பின்மேல் பொறுமையாக விழும் சுத்தியல் அடி மற்றொன்று. வார்த்தபடியே விட்ட விளிம்பைக் காட்டிலும் நன்றாகத் தட்டிய விளிம்பு ஏறக்குறைய இரு மடங்கு கடினமுடையதாகும். ஆகவே எண்ணெய்க்கு வைத்திருக்கும் பணத்தை ஒரு நல்ல சுத்தியலுக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: செம்பு எவ்வளவு, வெள்ளீயம் எவ்வளவு? (சேலம் வாசகர்)

பதில்: எடையில் ஒன்பது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம். ஒரு கிலோ வெண்கலத்திற்கு 900 கிராமும் 100 கிராமும். 8 முதல் 12 சதவிகிதம் வரை வெள்ளீயம் இருந்தால் வாளுக்குப் பழுதில்லை. 15-ஐத் தாண்டினால் கடினம் ஏறும், ஆனால் நொறுங்கும் சுபாவமும் உடன் ஏறிவிடும். துருக்கியின் தென்கரையில் உலுபுரூன் என்னும் முனைக்கருகே, கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய ஒரு வாணிகக் கப்பலைக் கடற்பஞ்சு எடுக்க முழுகிய ஒருவர் 1982-இல் கண்டுபிடித்தார். அதில் ஏறக்குறைய பத்து டன் செம்பும் ஒரு டன் வெள்ளீயமும் கட்டிகளாக இருந்தன. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மாலுமி ஏற்றிச் சென்ற சரக்கும் இன்று நீங்கள் தராசில் நிறுக்கப்போகும் சரக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பதை எண்ணிப் பார்க்கையில் எனக்கு மெய்யாகவே உவகை உண்டாகிறது.

கேள்வி: வீட்டில் உடைந்த பித்தளைச் சாமான்கள் நிறைய இருக்கின்றன. அவற்றையே உருக்கிவிடலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: கூடாது. பித்தளையில் இருப்பது துத்தநாகம். அது 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நீங்கள் வார்க்க வேண்டிய உஷ்ணமோ 1,100-க்கு மேல். எழும்பும் வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் காணும். பழைய சாமான்களில் காரீயமும் கலந்திருக்கக்கூடும். அதன் புகை உடம்பில் தங்கிக் கெடுக்கும். மேலுறை நீக்கிய மின்கம்பிச் செம்பும், காரீயம் கலவாத சுத்தமான வெள்ளீயமும் விலைக்கு வாங்குவதே சிக்கனம். வைத்தியச் செலவு மிச்சம்.

கேள்வி: அச்சு எதில் செய்வது? வார்க்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லுங்கள். (கோயம்புத்தூர் மாணவர்)

பதில்: வெண்கல யுகத்து ஐரோப்பாவில் இரண்டு பாதிகளாகச் செய்து சேர்த்துக் கட்டிய களிமண் அச்சுகளும், கல்லில் குடைந்த அச்சுகளும் வழங்கின. ஆரம்பிப்பவருக்கு மணல் அச்சே சுலபம். வாளின் வடிவத்தை மரத்தில் செதுக்கி, சற்றே களி கலந்த நுண்மணலை இரண்டு சட்டங்களில் இறுகக் கிட்டித்து, நடுவில் அந்த மரவாளைப் பதித்து எடுத்தால் வெற்றிடம் கிடைக்கும். கைப்பிடிப் பக்கம் மேலே இருக்கும்படி அச்சைச் செங்குத்தாகவோ சாய்வாகவோ நிறுத்தி, அந்தப் பக்கத்தில் அகன்ற ஊற்றுவாய் ஒன்று விடவேண்டும். உலோகம் உறையும்போது சுருங்குமாகையால், அந்தக் குறையை நிரப்புவதற்கு ஊற்றுவாயில் கடைசிவரை திரவமாக நிற்கும் உபரி உலோகம் அவசியம். காற்று வெளியேற மெல்லிய துவாரங்கள் இல்லாவிட்டால், நுனிவரை உலோகம் ஓடாமல் பாதிவழியில் நின்றுபோகும்.

மூசையில் முதலில் செம்பை இட்டு, மேலே கரித்துண்டுகள் பரப்பி உருக்குங்கள். கரியின் போர்வை காற்றைத் தடுக்கும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். 232 டிகிரியிலேயே உருகிவிடும் வெள்ளீயத்தை முதலிலேயே போட்டால் அது வீணே எரிந்து சாம்பலாகும். ஆகையால் அதைக் கடைசியில் இட்டு, காய்ச்சிய கரிக்கோலால் கிளறி, மேலே மிதக்கும் கசடையும் கரியையும் ஒதுக்குங்கள். ஒதுக்கிய கணத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் உலோகத்தின் முகம் தெரியும். சில விநாடிகளுக்குள் அதன்மேல் மங்கலான ஆடை படர ஆரம்பிக்கும். அந்த ஆடை தடிப்பதற்குள் வார்த்துவிட வேண்டும். வார்க்கும்போது நூலாகவும் விடாதீர்கள், குபுக்கென்று கவிழ்க்கவும் செய்யாதீர்கள். ஊற்றுவாய் எப்போதும் நிறைந்திருக்கும்படி இடையறாத ஒரே தாரையாக விடுங்கள். நடுவில் கை தயங்கினால், முன்னே சென்ற உலோகமும் பின்னே வந்த உலோகமும் ஒட்டாமல் வாளின் குறுக்கே ஒரு கோடு விழும். முதல் போரிலன்று, முதல் தட்டிலேயே வாள் அந்தக் கோட்டில் முறியும்.

கேள்வி: என் மகன் மொட்டை மாடியில் உலை வைத்து வாள் வார்க்கப்போவதாகச் சொல்கிறான். அனுமதிக்கலாமா? (தஞ்சாவூர்த் தாயார் ஒருவர்)

பதில்: அம்மா, மாடியில் வேண்டவே வேண்டாம். பார்வைக்கு உலர்ந்திருக்கும் சிமெண்டுத் தரையினுள்ளும் ஈரம் உண்டு; உருகிய வெண்கலம் ஒரு கரண்டியளவு சிந்தினால் அந்த ஈரம் நொடியில் நீராவியாகித் தரையைப் பிளந்துகொண்டு உலோகத்தோடு தெறிக்கும். உலோக வார்ப்பில் நெருப்பைவிடப் பயப்பட வேண்டியது தண்ணீருக்கே. ஈர அச்சு, ஈர இடுக்கி, ஈரக் கரண்டி எல்லாம் அவ்வாறே அபாயகரமானவை. தரையில், உலர்மணல் பரப்பிய திறந்த வெளியில், நைலான் கலவாத பருத்தி உடையும் தோல் மேலங்கியும் தோல் காலணியும் முகக்காப்பும் அணிந்து, அருகில் தண்ணீர் வாளிக்குப் பதிலாக மணல் வாளி வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள ஒருவர் உடனிருக்கச் செய்யட்டும். சுவாமிமலை உங்களுக்குக் கூப்பிடு தூரம். காவிரி வண்டலை மெழுகின்மேல் பூசி, உலர்த்தி, மெழுகை உருக்கி வடித்து விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதிகளிடம் பையனை முதலில் அழைத்துப் போங்கள். அச்சை உலர்த்துவதற்கு அவர்கள் கொடுக்கும் அவகாசத்தை அவன் கண்ணால் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

கேள்வி: விளிம்பைத் தட்டுவது எப்படி? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: வார்ப்பின் பிசிறுகளை அரத்தால் நீக்கியபின், வாளை மங்கிய சிவப்புக்கு, அதாவது 600 அல்லது 650 டிகிரிக்குக் காய்ச்சி ஆறவிடுங்கள். வார்ப்பில் சீராகப் பரவாத வெள்ளீயம் அச்சூட்டில் சமனாகும். உலோகம் தட்டுக்கு இணங்கும். சிவந்திருக்கும்போது மட்டும் அடிக்காதீர்கள். சூட்டில் வாள்-வெண்கலம் உதிர்ந்துவிடும். நன்றாகக் குளிர்ந்தபின், வழவழப்பான பட்டடையின்மேல் விளிம்பைச் சாய்த்து, முகம் தேய்த்து மெருகிட்ட சிறு சுத்தியலால் பிடியிலிருந்து நுனிவரை இலேசாக, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி தட்டிக்கொண்டே போங்கள். பிறகு திருப்பி மறுபுறம். முதல் சுற்றில் உலோகம் அடியை விழுங்கும். போகப்போகச் சுத்தியல் கையில் துள்ள ஆரம்பிக்கும். அந்தத் துள்ளலே காடின்யம் வந்ததற்கு அடையாளம். மேலும் பேராசைப்பட்டு அடித்தால் விளிம்பில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். இன்னும் மெல்லிதாக்க வேண்டுமென்றால் மறுபடி காய்ச்சி இளக்கித் தட்டலாம்; ஆனால் கடைசி வேலை தட்டுதலாகவே இருக்கவேண்டும், அதன்பின் நெருப்பைக் காட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். மெல்லிய கல்லில் தீட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெண்கலத்தைத் தோய்ப்பதால் பயனில்லை என்பது சரியா? நம் முன்னோர் தோய்த்ததாகப் படித்திருக்கிறேனே? (சென்னைப் பேராசிரியர்)

பதில்: தாங்கள் படித்தது உண்மை, ஆனால் அது வேறு வெண்கலம். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களைச் சாரதா ஸ்ரீனிவாசன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்திருக்கிறார்கள். அவற்றுள் வெள்ளீயம் 22 முதல் 25 சதவிகிதம் வரை உள்ளவை உண்டு. அத்தகைய கலவை குளிர்ந்த நிலையில் தட்டினால் உடையும். செஞ்சூட்டில் மட்டுமே வளையும். மெதுவாக ஆறவிட்டால் நொறுங்கும் அமைப்பு ஒன்று உள்ளே உருவாகும். அதற்கு இடங்கொடாமல் சூட்டோடு தண்ணீரில் தோய்த்தார்கள். கிண்ணத்துக்கு அது மகத்தான சாமர்த்தியம். நெடிய வாளுக்கு அந்தக் கலவை ஏற்றதன்று.

கேள்வி: இரும்பு வந்ததும் தோற்றுப்போன உலோகத்தில் ஏன் இவ்வளவு பிரயாசை? (வேலூர் வாசகர்)

பதில்: தோற்றது உலோகத்தின் தரத்தினால் அன்று. ஆதியில் கிடைத்த கரியேறாத இரும்பு, தட்டிய வெண்கலத்தைவிடக் கடினமானதல்ல. இரும்புக் கல் எங்கும் கிடைத்தது, வெள்ளீயமோ சில தேசங்களிலேயே கிடைத்தது என்பதே பெரிய வேற்றுமை. சீனத்தின் ஹூபே மாகாணத்தில் 1965-இல் ஒரு கல்லறையிலிருந்து எடுத்த, யுவே தேசத்து அரசன் கோவ்ஜியனின் 55.7 சென்டிமீட்டர் வாள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் கூர் மழுங்காமல் வெளிவந்தது. ஐரோப்பிய வாள்களின் பிரதிகளைக் கொண்டு பயிற்சிபெற்றவர்கள் மோதிப் பார்த்து, அந்தத் தழும்புகளைப் பிரிட்டனிலும் இத்தாலியிலும் கிடைத்த பழைய வாள்களின் தழும்புகளோடு ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2020-இல் வெளியாயிற்று. வாளின் தன்மையறிந்து, விளிம்பு சிதையாதபடி எதிரியின் வாளோடு பொருத்திக் கட்டுப்படுத்தும் தேர்ந்த பயிற்சி அக்கால வீரர்களுக்கு இருந்ததென்று அது காட்டுகிறது. அப்பேர்ப்பட்ட வித்தையைத் தாங்கிய உலோகம் நம் பிரயாசைக்குத் தகுதியுடையதே.

கேள்வி: முதல் முயற்சியிலேயே இரண்டடி வாள் வார்க்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: வேண்டாம். உலோகம் நீண்ட தூரம் ஓடவேண்டிய வார்ப்பு கடினமானது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய வாள் முதலியவற்றை ஆயுதமாகக் கருதுகின்றன. அத்தகையதைச் செய்ய எண்ணுபவர் மாவட்ட அதிகாரிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குவதே முறை. முதலில் ஆறங்குலத்தில் ஒரு சிறு கத்தி வாருங்கள். பழுதானால் துண்டாக்கி மூசையில் மறுபடி போடலாம், வெண்கலம் கோபித்துக்கொள்ளாது. அச்சு முற்றும் உலர்ந்துவிட்டதென்று ஐயமற நிச்சயமான பின்பே உலைக்குத் தீ மூட்டுங்கள்.