கைராசிக்காரர்

எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணனைப் போல ஓர் உழைப்பாளியை இந்தக் காவிரிக் கரையில் பார்ப்பது அரிது. பூம்புகாரிலிருந்து மேலையூர் வரைக்கும் எந்த வண்டி எந்த நேரத்தில் நின்றாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவார். சட்டை நனைய வேலை செய்வார். சந்தேகம் என்பது அவர் முகத்தில் ஒரு கணமும் தங்காது. பானட்டைத் திறக்கும் முன்பே பழுது இன்னதென்று சொல்லிவிடும் தெளிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

சம்பா அறுப்பு முடிந்த தை மாதத்தில் ஒரு காலை எங்கள் பெட்ரோல் கார் கிளம்பவில்லை. செல்ப் நன்றாகவே எடுத்தது. சாவியைத் திருகினால் எஞ்சின் சீராக, வேகமாகச் சுற்றியது, பற்றிக்கொள்ளத்தான் இல்லை. அண்ணன் வந்தார். வாசலில் நின்றபடியே, "பாட்டரி போயிடுச்சு சார்" என்றார். சொன்ன வேகத்தில் புது பாட்டரியும் வந்தது. நல்ல பாட்டரி இருந்த இடத்தில் அதைவிட நல்ல பாட்டரி உட்கார்ந்தது.

பாட்டரி வலுவிழந்தால் செல்ப் இழுத்து இழுத்துச் சுற்றும். இல்லையென்றால் டக்கென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிற்கும். செல்ப் மோட்டார் கெட்டுப்போனால் எஞ்சின் அசையாது. சீராகச் சுற்றும் எஞ்சின் இரண்டுக்கும் நற்சான்று கொடுக்கிறது. அண்ணன் யாருடைய நற்சான்றையும் அப்படியே ஏற்றுக்கொள்பவர் அல்லர். செல்ப் மோட்டாரைக் கழற்றி மயிலாடுதுறைக்கு அனுப்பினார். மோட்டாரில் குறை ஒன்றும் இல்லை என்ற செய்தியும் புது கார்பன் பிரஷுமாக அது திரும்பி வந்தது.

அடுத்து, தள்ளிப் பார்க்கலாம் என்றார். தெருவில் இருந்த அத்தனை பேரையும் ஒரே குரலில் ஒன்று சேர்த்துவிட்டார். அந்தச் செல்வாக்கு சும்மா வந்ததல்ல. வண்டியைத் தள்ளுவது எஞ்சினைச் சுற்றிவிடத்தான். செல்ப்பே அதைச் செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். கூடி வந்தவர்களின் உற்சாகத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவருடைய அனுபவத்தைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. அம்பாசடரில் தொழில் கற்றவர். கார்புரேட்டர் சத்தத்தைக் காதால் கேட்டே திருகைச் சரிசெய்வார். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் ஈரம் பூத்திருந்தால் மோப்பத்திலேயே சொல்வார். உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. அண்ணனோ அந்தக் கல்வியில் எதையும் குறைக்காமலும் கூட்டாமலும் இன்றுவரை காப்பாற்றி வருகிறார். பட்டறை அலமாரியில் அவர் வாங்கி வைத்திருக்கும் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். ஓர் எண்ணெய்க் கறை இல்லை, கேபிளைச் சுற்றிய கம்பிகூட அவிழவில்லை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருக வேண்டிய கருவி அது. இவ்வளவு மரியாதையாக ஒரு கருவியை வைத்திருப்பவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எஞ்சின் பற்ற வேண்டுமானால் பெட்ரோல் வர வேண்டும், பிளக்கில் தீப்பொறி வர வேண்டும், சிலிண்டருக்குள் காற்று அழுத்தம் வேண்டும், இவை உரிய நேரத்தில் கூட வேண்டும். இதில் எது இல்லை என்று அறிய, காசு செலவில்லாத சோதனைகள் இருக்கின்றன. சாவியை ஆன் செய்தால் பின்சீட்டுப் பக்கம் பம்ப் இரண்டு விநாடி 'ம்ம்' என்று முனகுகிறதா என்று காது கொடுக்கலாம். மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு அணையாமல் மின்னினால் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை என்று கொள்ளலாம். கடற்காற்று அடிக்கும் ஊர் என்பதால் எர்த் ஒயர் நுனியில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கலாம். செல்ப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சமாவது எழுகிறதா என்று கவனிக்கலாம். பெட்டியிலுள்ள ஃபியூஸைப் பிடுங்கிப் பார்க்கலாம். இதிலெல்லாம் இறங்கி அண்ணன் எங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. பிளக்கில் கரண்ட் இல்லை என்றதும் காயிலும் பிளக்குகளும் புதிதாயின. பெட்ரோல் ஏறவில்லை என்றதும் டேங்க்கில் இருந்த பம்ப் புதிதாயிற்று.

கரண்ட்டும் பெட்ரோலும் ஒரே காலையில் சேர்ந்து நின்றுபோனால், இரண்டும் தனித்தனியே கெட்டிருப்பது அபூர்வம். இரண்டுக்கும் உத்தரவு கொடுக்கும் ஒன்றைத் தேட வேண்டும். கிராங்க் ஷாப்ட்டோடு சுற்றும் பல் சக்கரத்தை ஒரு சிறு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் சுற்றுகிறது என்று அது சொன்னால்தான் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம். தீப்பொறியும் பெட்ரோலும் விடும். அதிலிருந்து செய்தி வராவிட்டால் ஈ.சி.எம். கணக்கில் எஞ்சின் சும்மா நிற்கிறது. பெரும்பாலான கார்களில் முள்ளும் அதனால்தான் எழுவதில்லை. ஸ்கேனர் போட்டிருந்தால் அந்தச் சென்சாரைச் சுட்டும் பி0335 என்ற பழுதுக் குறி அனேகமாக வந்திருக்கும்.

முள்ளைக் கவனித்தவன், பட்டறையில் தொழில் பழகும் பையன். "அண்ணே, செல்ப் அடிக்கிறப்ப முள்ளு ஆடவே இல்லண்ணே" என்றான். "நீ பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடு" என்றார் அண்ணன். அவன் அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. பெரியவர்கள் வேலை பார்க்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்ற ஒழுங்கை இவ்வளவு சீக்கிரம் கற்பிக்கும் ஆசான்கள் குறைந்துவிட்டார்கள்.

பழைய கார் ஒன்றைக் கடனில் வாங்கி வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவர்கள் இந்தப் பக்கம் பலர். ஆடி அமாவாசைக்குக் காவிரி கடலில் கலக்கும் சங்கமத்தில் குளிக்க வரும் கூட்டம்தான் அவர்களுக்கு வருமானம். அந்த நாளில் வண்டி படுத்துவிட்டால் ஒரு மாதத் தவணை போயிற்று. அவர்களுக்கும் அண்ணன் எங்களுக்குக் காட்டிய அக்கறையில் ஒரு துளி குறைக்க மாட்டார். ஏழை, பணக்காரர் என்று அவர் பார்ப்பதில்லை; எல்லாருக்கும் பாட்டரியிலிருந்துதான் தொடங்குவார்.

அறுப்பு முடிந்தால் வயல் எலிகள் சும்மா இருப்பதில்லை. தஞ்சாவூர்க் கிட்டி என்னும் எலிப்பொறிக்குத் தப்பியவை வைக்கோல் போருக்கும், அங்கிருந்து பானட் சூட்டுக்கும் வந்து சேரும். அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் பையன் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தான். கியர் பாக்ஸ் மேல் வைக்கோலும் உமியும் பஞ்சாக மெத்தை போட்டிருந்தன. அதன் ஓரத்தில் சென்சாருக்குப் போகும் மெல்லிய ஒயர் கடிபட்டு, செம்புக் கம்பி முடிமுடியாக விரிந்து கிடந்தது. தோல் சீவி, முறுக்கி, டேப் சுற்றினான். முதல் திருகலிலேயே வண்டி பற்றிக்கொண்டது.

சத்தம் கேட்டு வந்த அண்ணன், "நான் சொன்னேன்ல, பம்ப் மாத்துனா ஓடும்னு" என்றார். பாட்டரி, பிரஷ், காயில், பிளக், பம்ப் என்று பில்லைத் தெளிவாக எழுதிக் கொடுத்தார், ஒன்றையும் மறைக்கவில்லை. ஒயர் ஒட்டியதற்கும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு இஞ்ச் டேப்பு சார், அதுக்கெல்லாம் காசு வாங்குற ஆளா நான்?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எவ்வளவு சொல்லியும் அந்த வேலைக்கு மட்டும் அவர் ஒரு பைசா வாங்கவில்லை.