தோல் வாசனை, நூறு மில்லி

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், வேலைக்குப் போன காலமெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியோடு மல்லுக்கட்டியவர் என் அண்ணன். சாயங்காலம் சோளிங்கர் பஸ்ஸில் அவர் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். தோலிலிருந்து மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்போடு சல்ஃபைடும் போடுவார்கள்; அழுகின முட்டை வாடை அதிலிருந்து வருவது. வீட்டுக்கு வந்ததும் லைஃப்பாய் கட்டி பாதியாகத் தேய்ந்தால்தான் அண்ணி காபி தம்ளரை நீட்டுவாள்.

இப்போது அவர் மகன் 'லெதர்' என்று லேபிள் ஒட்டிய சென்ட்டைக் கொரியரில் வரவழைத்துக் கழுத்தில் அடித்துக்கொள்கிறான். நூறு மில்லி. விலையை அண்ணனிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. அவருக்கு பி.பி. உண்டு.

"இன்னாடா, ஷாப்புல தீப்பிடிச்சா மாதிரி வாடை வருது?" என்று மட்டும் கேட்டார். அனுபவஸ்தர் மூக்கு பொய் சொல்லாது. அந்தப் புட்டியில் தோல் ஒரு துளிகூடக் கிடையாது. லெதர் வாசனைக்குப் பழைய கைப்பக்குவம் பிர்ச் மரப்பட்டையைச் சுட்டு இறக்கிய தார். ருஷ்யாவில் தோலுக்கு அந்த எண்ணெயைப் பூசுவார்கள். அந்த நினைப்பில்தான் ஷனேல் கம்பெனி 1920களில் 'ருஷ்யத் தோல்' என்றே பெயர் வைத்து ஒரு சென்ட் போட்டது. நம் பக்கம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோலை ஊறவைத்த காலம் உண்டு. 'வாணியம்பாடித் தோல்' என்று அதைப் புட்டியில் அடைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டும். சென்ட்டுக்குத் தலைநகரம் என்று உலகம் கும்பிடும் பிரான்சின் கிராஸ் நகரமும் ஒரு காலத்தில் தோல் ஊர்தான். அங்கே செய்த கையுறைகளைப் பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் மாட்டிக்கொண்டு மூக்கைப் பொத்த, மூக்கருகே வந்த கையே நாறியிருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் கையுறைக்கு வாசனை ஏற்றும் பழக்கம் வந்தது. போகப்போக அந்த ஊர் தோலைக் கைவிட்டு மல்லிகையையும் ரோஜாவையும் பிடித்துக்கொண்டது. 2018இல் யுனெஸ்கோ அந்த வாசனைக் கைத்திறனைத் தன் பாரம்பரியப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. நாற்றத்தில் நம் ஆம்பூர் கிராஸுக்கு இளைத்ததில்லை. ஆனால் ஆம்பூர்க்காரர் பிரியாணிக்குத் தம் போட்டார்; அதற்கு மேல் ஒரு வாசனை எதற்கு என்று நிம்மதியாக இருந்துவிட்டார். இது என் சொந்த ஆராய்ச்சி. டாக்டர் பட்டம் தருவதானால் மறுக்கமாட்டேன்.

பையன் ஒரு சென்ட்டோடு நிற்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்று பூசுகிறான்; அதற்கு 'லேயரிங்' என்று பெயராம். கனமான வாசனை அடியில், லேசானது மேலே. சந்தன எண்ணெயில் இறக்கின அத்தர் முதலில். அதில் ஆல்கஹால் இல்லாததால் உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதன் மேல் லெதர், அதற்கும் மேல் எலுமிச்சை. நம் ஊர் வெயிலில் எலுமிச்சை வாலாஜா வரைகூடத் தாங்காது.

"இத்தப் போய் இன்னாத்துக்குடா படிக்கிறே?" என்றாள் அம்மா. அவள் தலைக்குச் சாம்பிராணி காட்டி, மல்லிப்பூ வைத்து, கழுத்தில் ஜவ்வாது தடவி, முகத்தில் கோகுல் சாண்டல் அப்பிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போய் வந்தவள். அவளுக்கும் மூத்தவள் மாதவி. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையைப் பாருங்கள்: அவள் தலைமுழுகிய தண்ணீரில் 10 துவர், 5 விரை, 32 ஓமாலிகை. மொத்தம் 47 சரக்கு. குளித்து முடித்துக் கூந்தலுக்கு அகில் புகை, அதன் மேல் கஸ்தூரிக் குழம்பு. இத்தனைக்கும் பிறகு அடுத்த காதையிலேயே கோவலன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்பதைப் பையனிடம் சொன்னேன். பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம், அண்ணி முறைத்தாள்.

பூசுவதாவது பரவாயில்லை. போட்டோதான் பெரும்பாடு. வெயிலும் சூடும் பட்டால் சென்ட் கெட்டுவிடும் என்று புட்டிகளையெல்லாம் பீரோவுக்குள் இருட்டில் வைத்திருப்பவன், படம் எடுக்க மட்டும் அவற்றை மொட்டை மாடிக்கு ஏற்றுவான். பின்னணியில் எங்கள் சோளிங்கர் நரசிம்மர் மலை தெரிய வேண்டுமாம். கண்ணாடிப் புட்டிக்கு முன்னாலிருந்து வெளிச்சம் விட்டால் எடுப்பவன் மூஞ்சிதான் அதில் தெரியும். அதனால் புட்டிக்குப் பின்னால் டிரேசிங் பேப்பரைக் கட்டி அதன் வழியே வெளிச்சம் விடுகிறான். பனித்துளி வேண்டுமென்றால் கிளிசரினும் தண்ணீரும் கலந்து தெளிக்கிறான். புட்டிக்குள் என்ன வாசனையோ அதை வெளியே பரப்பி வைப்பது அடுத்த கலை: ஆரஞ்சுச் சுளை, பட்டை, ரோஜா இதழ்.

ஆரஞ்சுச் சுளை என்றதும் சோளிங்கர்க்காரர்களுக்கு மீதிக் கதை புரிந்திருக்கும். மலைக்கு 1305 படி. 2024இல் ரோப் கார் வந்து, தேங்காய் பழப் பையோடு படியேறுகிற பக்தர்களில் ஒரு பகுதி தலைக்கு மேலே பறந்து போவதால், குரங்குகளுக்கு வரும்படி குறைந்திருக்க வேண்டும். மாடிக்கு இரண்டு வந்தன. சுளையைத் தின்றன. ஒன்று எலுமிச்சைப் புட்டியை எடுத்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, வைத்துவிட்டுப் போனது. பத்திரமாகத்தான் வைத்தது. விலை தெரிந்த குரங்கு.

லெதர் புட்டிக்கு என்ன பரப்புவது? "அப்பா, ஒரு துண்டு தோல் கொண்டாங்களேன்" என்றான். அண்ணன் பழைய சிநேகிதரைப் பிடித்து ஒரு 'வெட் ப்ளூ' துண்டு வாங்கி வந்தார். குரோமியத்தில் பதனிட்டுச் சாயம் ஏற்றாத தோல் அது. வெளிர் நீலமாக, ஈரத்தோடு இருக்கும். புளித்த நெடி தெருமுனை வரை போனது. அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். அண்ணன் மட்டும் பக்கத்தில் சேர் போட்டு உட்கார்ந்து, துண்டைத் திருப்பித் திருப்பித் தடவி, "நல்ல சரக்குடா, தழும்பே இல்ல" என்றார்.

படம் பிரமாதமாக வந்தது. மடிப்பு மடிப்பாக நீலம், நடுவில் புட்டி. சென்னையிலிருந்து பையனின் சிநேகிதி ஒருத்தி போன் செய்து, அந்த நீல வெல்வெட் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டிருக்கிறாள்.

"சதுர அடி இன்னா வெலைன்னு கேட்டுச் சொல்லட்டா?" என்றார் அண்ணன்.