அகர ஆதிக்கம்: எழுத்தோவியம் பழகும் ஒருவனின் நோட்டுப்புத்தகத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சுவடி ஒன்றே. கோடு போடாத டிராயிங் நோட்டு, தாள் 48. ஒரு மண்டலத்துக்குக் கணக்காக வாங்கியது. அட்டையில் ‘தினம் ஒரு எழுத்து’ என்றிருக்கிறது. உயிருக்கு முன் ‘ஓர்’ என்று வந்திருக்க வேண்டும். ஒகரத்தை ஓகாரமாக்கும் அந்தக் கீழ்ச்சுழிக்குக் கை பயந்திருக்கிறது என்பது என் துணிபு. எகர ஒகரங்களின் குறில் நெடிலை வடிவத்தாலேயே பிரித்துக் காட்டிய பெருமையை வீரமாமுனிவருக்குக் கொடுப்பார்கள். அவர் பட்ட பாட்டை அட்டையிலேயே வீணாக்கியவன் இச்சுவடியின் ஆசிரியன். ஆசிரியன் நான். ஆய்வாளனும் நானே. நடுநிலையில் நாட்டமுள்ளவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

முதற்கண் அகரம். பழகுவோர் ஒவ்வொரு நாளும் ‘இன்றிலிருந்து ஒழுங்காக’ என்றுதான் தொடங்குவர். ஒழுங்கு என்பது முதலிலிருந்து தொடங்குவது. முதல் என்பது அ. ஆகவே அகரம் இல்லாத பக்கம் இச்சுவடியில் இரண்டே இரண்டு. ஒன்றில் காபிக் கறை, மற்றொன்றில் பால் கணக்கு. தமிழ் எழுத்து 247 என்பர். என் ஆய்வின்படி ஒன்றேகால்: அகரம் முழுதும், ஆகாரம் கால் பங்கும். ஔகாரத்தை இதுவரை கண்டவரில்லை.

இனி வளைவு. தமிழ் எழுத்து வட்டமாக உருண்டதற்குக் காரணம் பனையோலை என்பது பலரும் சொல்வது. எழுத்தாணியால் நார்ப்போக்கில் நேராகக் கீறினால் ஓலை கிழியும். அதனால் கை சுழித்துப் பழகியது என்பர். அங்ஙனமாயின் ‘ட’வும் ‘ப’வும் எவ்வாறு பிழைத்தன எனின், அவை பிழைத்தது என் போன்றோரைப் பழிவாங்க என்க. ‘ஞ’ கோணினால் அது பாணி என்று சாதிக்கலாம். ‘ப’ கோணினால் ஒளிய இடமில்லை. மூன்றே கோடு. இரண்டு நிற்க வேண்டும், ஒன்று படுக்க வேண்டும். நிற்க வேண்டியது சாய்ந்தால் ஓடும் ரயிலில் எழுதியது போலிருக்கிறது. ஐந்தாம் நாள் ஸ்கேல் வைத்துப் போட்டேன். கோடு நேராக வந்தது, எழுத்துதான் செத்துப்போயிற்று. கண்ணுக்குச் சரியாகத் தெரிய ‘ப’வின் படுகோடு நிற்கும் கோட்டைவிட இம்மியளவு மெலிந்திருக்க வேண்டும், இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் படுத்திருப்பதுதான் பருத்துத் தோன்றும். அதேபோல் ‘வ’வின் வட்டம் அடிக்கோட்டைச் சற்றே தாண்டி இறங்கினால்தான் பக்கத்திலிருக்கும் ‘ப’வுக்குச் சமமாக நிற்கிறது. ஸ்கேல் சொல்லும் சமம் வேறு, கண் சொல்லும் சமம் வேறு. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினோரு நாளும் ஒரு பிரஷ் பேனாவும் செலவாயின. சொரசொரப்பான தாளில் தேய்த்ததில் அதன் முனை துடைப்பமாயிற்று.

பிரஷ் பேனா பற்றி ஒரு சொல். இறங்கும்போது அழுத்து, ஏறும்போது தளர்த்து என்பது ரோமன் எழுத்துக்காரர்களின் சூத்திரம். அவர்களுக்குச் சரி. நம் ‘ஜ’வில் பாதி வழியில் நின்று, இது ஏற்றமா இறக்கமா என்று மணிக்கட்டு வழி கேட்கிறது.

புள்ளியைப் பற்றித் தனி நூலே எழுதலாம். மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை வைக்காமலே விட்டார்கள். குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று அதற்குச் சமாதானம். அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ‘ண்’ணுக்குப் புள்ளி எங்கே வைப்பது? அகலத்தின் நடுவிலா, கடைசிக் கோட்டின் தலையிலா? நடுவில் வைத்தால் எழுத்து சரிகிறது, தலையில் வைத்தால் பக்கத்து எழுத்து அதைத் தனதென்கிறது.

அடுத்தது இடப்பஞ்சம். பெரியார் 1935இல் குடி அரசில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. லை, ளை, னை, ணை ஆகியவற்றின் யானைத் துதிக்கை போய், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கொம்பு வந்தது. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் அது பெரும் விடுதலை, மறுப்பதற்கில்லை. ஆனால் பலகைக்கு எழுதுகிறவன் பக்கம் நின்று யாரும் யோசிக்கவில்லை. துதிக்கை எழுத்தின் தலைமேல் ஏறி நின்றது. கொம்போ தனக்கென்று ஓர் இருக்கை கேட்கிறது. ‘விலை’ என்று எழுதினால் விலையில் பாதி கொம்புக்கே போகிறது. இவ்வாதத்தை இதுவரை எவரும் எழுப்பாததற்குக் காரணம், எழுப்ப வேண்டிய தேவை எவருக்கும் இல்லாமையே.

தேவை எனக்கு வந்தது. 40ஆம் நாள் வீட்டு வாசலுக்குப் பலகை எழுதினேன். பாடம்: ‘வாசலில் வண்டி நிறுத்தாதீர்கள்’. முதல் வரி அமைந்தது. இரண்டாம் வரியில் ‘நி’யின் மேல்விலங்கில் உற்சாகம் கூடி, ‘த்தா’வின் காலை நீட்டி, ‘ர்’ வந்தபோது பலகை முடிந்தது. மிஞ்சியதை மூன்றாம் வரியில், நடுவில், கொட்டை எழுத்தில் வைத்தேன்.

“என்னங்க, ‘கள்’ மட்டும் தனியா நிக்குதே?” என்றாள் மனைவி.

1987 முதல் கள்ளுக்கடைக்குத் தடையுள்ள மாநிலத்தில் எங்கள் வாசலில் மட்டும் வண்டிகள் கூடுதலாக நின்றதை ஆய்வு முடிவாகப் பதிவுசெய்கிறேன்.

தெருமுனையில் மளிகைக்கடை ஷட்டருக்குப் பெயர் எழுத வந்திருந்த பெயிண்டரிடம் போனேன். ஃபிளெக்ஸ் வந்தபின் இப்படி ஒருவர் அகப்படுவதே அரிது. நீலப் பொடி தோய்த்த நூலை இருபுறமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினார், கோடு விழுந்தது. சாக்பீஸால் எழுத்துகளைக் கீறலாகப் போட்டுக்கொண்டார். பிறகு எனாமலில் பிரஷை முக்கி, டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்து, சுண்டுவிரலைத் தகரத்தில் ஊன்றி, ‘ளி’யை இரண்டே இழுப்பில் முடித்தார். மூச்சை அடக்கியிருந்தது நான்தான். அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, எனக்குக் கடைசி எழுத்து மட்டும் எப்பவும் வெளிய போயிடுது.”

அவர் திரும்பவில்லை. “கடைசி எழுத்த மொதல்ல போட்டுக்குங்க சார். மொத எழுத்து எங்க ஓடிடப் போகுது?”

அன்றிரவே பலகையைச் சுரண்டிவிட்டு உட்கார்ந்தேன். அகர ஆதிக்கத்துக்கு முடிவு கட்டும் நூதன முறை இதுவெனத் தோன்றிற்று. வலது ஓரத்தில் ‘ள்’. புள்ளி நடுவிலேயே விழுந்தது. பிறகு ‘க’, ‘ர்’, ‘தீ’ என்று பின்னோக்கி வந்தேன். அப்படியொரு ‘தா’வை நான் இதுவரை போட்டதில்லை. காலையில் பலகையை மாட்டினோம். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, அந்த வாசலிலேயே நிறுத்தி, உரக்கப் படித்தார்:

“வாசலில் வண்டி... றுத்தாதீர்கள்.”