இட்லிப் பொடிக் குழியியல்: ஹனூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் அறிமுகம்

வீட்டில் செய்யும் தொடுகறிகளைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வே இல்லை என்று தொடங்குவது மரபு. இருக்கிறதா என்று தேடாமல் தொடங்குவதும் மரபே. இரண்டையும் பின்பற்றுகிறேன்.

முதலில் வகைப்பாடு. ஊறுகாய்: ஈரக் கரண்டியால் அழிவது. தொக்கு: அழிவதற்குள் தீர்ந்துபோவது. துவையல்: தொகையல் என்பாரோடு பேசித் தீராதது. தக்காளி சாஸ்: பிள்ளைகளின் மதம், ஆய்வாளர் தலையிடுவதற்கில்லை. எஞ்சியது பொடி.

ஆய்வுக்களம், மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் உள்ள ஹனூர். அங்கே என் பாட்டி வீட்டு அடுப்படி அலமாரி. அதன் மேல்தட்டில் ஒரு பீங்கான் ஜாடி. 1956 அக்டோபர் 31 இரவு, ஹனூர் அடங்கிய கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. விடிந்தபோது மைசூர் மாநிலத்தில் இருந்தது. 1973இல் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறியது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. ஜாடி மேல்தட்டை விட்டு இறங்கவில்லை. ஆனால் ‘பொடி’ என்று மூடிவைத்ததைக் காலையில் ‘புடி’ என்று திறக்க வேண்டியதாயிற்று.

பொடி முந்தியதா, புடி முந்தியதா? ஓர் உயிரெழுத்தை நம்பி எத்தனை குடும்பங்கள் ஓய்வூதியம் வரை பிழைத்திருக்கின்றன என்பதை நினைத்து இக்கேள்வியைத் திறந்தே விடுகிறேன். உள்ளே கிடக்கும் சரக்கைப் பார்ப்போம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்காரன், போர்த்துக்கீசியரோடு வந்தவன். தமிழ் அதை மிளகோடு காய் சேர்த்து அழைத்தது. கன்னடமும் மெணசோடு காய் சேர்த்து மெணசினகாயி என்றது. இந்தப் பக்கத்துப் பொடிக்கு மணம் தரும் ஹுச்செள்ளு எத்தியோப்பியாவிலிருந்து வந்தது. கன்னடம் அதைப் பைத்திய எள் என்றது. தமிழ் பேயெள் என்றது. சொந்தம் கொண்டாடும்போது மட்டும் இரண்டுக்கும் சித்தம் தெளிந்துவிடுகிறது (அத்தை, வாய்மொழி, ஞாயிறு காலை).

செய்முறை: உளுந்து, கடலைப்பருப்பு, கொப்பரை எல்லாவற்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். ஹுச்செள்ளு படபடவென்று பொரியத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். நிறத்துக்குப் பியாடகி மிளகாய், காரத்துக்குக் குண்டூர். ஆறவைத்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். சூட்டோடு ஜாடியில் அடைத்தால் வேர்த்துக் கட்டி தட்டும். இவற்றில் எதையும் நான் செய்து பார்த்ததில்லை. ஆய்வாளர் களத்தில் குறுக்கிடக் கூடாது.

இனிக் குழி. தட்டில் குவித்த பொடியின் நடுவே நல்லெண்ணெய்க்காகத் தோண்டப்படுவது. விரற்குழி, கரண்டிக்குழி என இரு மரபுகள். விரற்குழியின் ஆழம் ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை (அத்தை, மேற்படி; மறுப்பு: சின்ன அத்தை, பாத்திரம் விளக்கும்போது, முணுமுணுப்பு வடிவில்; மறுப்புக்கு மறுப்பு: அத்தை, கொல்லையிலிருந்து, உரத்த பதிப்பு; இருதரப்பையும் தொகுத்து உரையெழுதியவர்: மாமா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, ஒரே ஓர் ‘உம்’). மிளகாயின் உறைப்பு எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது என்பதால் குழிக்கு வேதியியல் நியாயமும் உண்டு.

சிக்கல் கரை உடையும்போது வருகிறது. ஒரே தட்டில் நானும் தம்பியும் சாப்பிட்ட காலத்தில், மேல்மடையில் இருந்த என் எண்ணெய் அவன் இட்லிக்குப் பாய்ந்தது. காவிரிக்கு 1990இல் நடுவர் மன்றம் அமைத்து 2007இல் இறுதித் தீர்ப்பு தந்தார்கள். எங்கள் தட்டுக்கு அந்த அவசரம் கிடையாது.

கழுவாத தட்டை அகழ்ந்தால் வரலாறும் கிடைக்கும். எண்ணெய்க் கறை கீழே, உலர்ந்த பொடி மேலே இருந்தால், மேற்பொடி காலத்தால் பிந்தியது. அதாவது சாப்பிட்டவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருக்கிறான். இதை நிறுவ எனக்கு 7 பக்கம் ஆனது. பானை ஓட்டில் ஒரு கீறலைக் கண்டு 40 பக்கம் எழுதுவோர் என் சிக்கனத்தைக் கவனிப்பார்களாக.

முடிவுரையை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினார், ஒன்றும் விழவில்லை.

“எழுதினது போதும் கண்ணு. எந்திரிச்சு அந்த உளுந்தை வறு” (அத்தை, அடுப்படிப் பதிப்பு, இன்று காலை).