செமஸ்டர் டிக்கெட்டில் ஒரு தேரோட்டம்

மதுரை மாசி வீதியில் பிறந்து வளர்ந்தும், மீனாட்சி கோயிலை ஆட்டோக்காரருக்கு வழி சொல்ல மட்டுமே பயன்படுத்திய பையன்கள் உண்டு. அவர்களை ஜெர்மனிக்கு, டோர்ட்மண்டுக்கு எம்.எஸ். படிக்க அனுப்பிப் பாருங்கள். முதல் குளிர் விழுவதற்குள் பக்தி பீறிட்டுவிடும்.

அதற்குத் தோதாகப் பக்கத்து ஹாம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்குக் கண்டது. தொழிற்பேட்டைக்கு நடுவே 17 மீட்டர் ராஜகோபுரம். கங்கை அவ்வளவு தூரம் வராது என்பதால், சரக்குக் கப்பல் போகும் கால்வாயிலேயே அம்பாளுக்குத் தீர்த்தவாரி. ஐரோப்பா முழுவதிலுமிருந்து கூட்டம் திரளும் தேர்த்திருவிழாவன்று நம் பையனும் மாணவர்களுக்கான பயண பாஸான செமஸ்டர் டிக்கெட்டில் வந்து இறங்குகிறான். வடத்தைத் தொட்டபடி ஒரு செல்ஃபி. பிறகு, பக்கத்தில் நின்ற அக்காவிடம் பவ்யமாக, "சாப்பாடு எந்தப் பக்கம்க்கா?"

"முதல்ல அம்மாளைக் கும்பிட்டிட்டு வாங்கோ தம்பி."

இரண்டாம் பந்தி முடிந்ததும் வீட்டுக்கு வீடியோ கால். மகன் நெற்றியில் திருநீறைக் கண்ட அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. அப்பா விவரமானவர்.

"என்னடா, எத்தனை அரியர்?"